நின்ற இடம்

பொன்னுரங்கம் மலையேறி வந்தபோது கார்த்திகை முடிய இரண்டு நாள் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். வழியில் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்ன இரண்டு பஸ்களையும் போகச் சொல்லிவிட்டார்.

கோத்தகிரிக்கு அப்பால், தேயிலை முடிந்து சோலை தொடங்கும் சரிவில் வேதவல்லி அம்மாவின் குடில் இருந்தது. நாலு அறை, ஒரு சமையல்கட்டு, பக்கத்தில் ஓர் ஓடை, ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டம். அம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பொன்னுரங்கம் அவரைவிடப் பதினொரு வயது மூத்தவர். அம்மா உபதேசம் எதுவும் செய்வதில்லை. பூசையும் கிடையாது. ஆனாலும் மனம் ஆறாதவர்கள் எப்படியோ கேள்விப்பட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். சிலர் ஒரு வாரம் இருந்தார்கள். சிலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். அப்போது வேறு யாரும் இல்லை.

அவர் வந்த நேரத்தில் அம்மா பாத்திகளின்மேல் காய்ந்த பெரணித் தழையைப் பரப்பிக்கொண்டிருந்தார். உறைபனி விழும் காலம். மூடாமல் விட்டால் விடிவதற்குள் பயிர் கருகிப்போகும்.

"அம்மா, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

பொன்னுரங்கம் நின்றபடியே சொன்னார். இருபத்தாறு வருடம் இந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வளைவில் ஏழு வயதுப் பெண் குழந்தை அவருடைய பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனாள். இலக்கியா என்று பெயர்.

"குறுக்கால ஓடி வந்துருச்சுங்க. கோர்ட்டுல விடுதலை பண்ணிட்டாங்க. முதலாளி மறுபடி வண்டி எடுங்கன்னாரு. என் சம்சாரம், உங்க மேல தப்பில்லைங்கறா. கோயில்ல கேட்டேன், விதின்னாங்க. நீங்க சொல்லுங்கம்மா. என் தப்புங்களா அது?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"கையில காயம் ஏதும் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அந்தத் தழையை அள்ளிக்கிட்டு வாங்க. பொழுது இறங்கறதுக்குள்ள மூடணும்."

மூடி முடித்தபிறகு பதில் வரும் என்று பொன்னுரங்கம் நினைத்தார். மூடி முடித்தபிறகு சோறு வந்தது. படுக்கப் பாய் வந்தது. பதில் வரவில்லை.

மார்கழியும் தையும் அப்படியே போயின. காலையில் வெயில் ஏறியதும் தழையை எடுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பப் போட வேண்டும். ஓடையிலிருந்து பூவாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, சாணத்தைக் குழியில் தள்ள வேண்டும். விறகு பிளக்க வேண்டும். பொன்னுரங்கம் எல்லாவற்றையும் செய்தார். நல்ல வேலைக்காரர். ஒரு தடவை காட்டினால் போதும்.

அந்தக் கேள்வியை அவர் இன்னும் மூன்று முறை கேட்டார். முதல் முறை அம்மா மண்வெட்டியை நீட்டினார். இரண்டாம் முறை காதில் விழாதவர்போல இருந்துவிட்டார். மூன்றாம் முறை திருப்பிக் கேட்டார்.

"இதை வேற யார்கிட்டயெல்லாம் கேட்டீங்க?"

"வக்கீல்கிட்டக் கேட்டேனுங்க. சம்சாரத்துகிட்ட, மச்சான்கிட்ட. பழனிக்குப் போயி ஒரு சாமியார்கிட்டயும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் தப்பில்லைன்னுதான் சொன்னாங்க."

"எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்காங்க. இருந்தும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க."

பொன்னுரங்கம் பூவாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் பனி விட்டது. மண் இளகியது. மலையில் அதுதான் நடவுக் காலம்.

நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, எரு பரப்பினார்கள். உருளை விதைக்கிழங்கை அம்மா எடுத்து வந்து கொட்டினார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளைக்கண்ணாவது இருக்கிற மாதிரி வெட்டி, வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி வைத்தார்கள். கிழங்கு ஊன்ற நாலு நாள் ஆயிற்று. பட்டாணி போட்டார்கள். கேரட் விதையை மணலோடு கலந்து தூவினார்கள். முட்டைக்கோசு நாற்றைப் பிடுங்கி வரிசையாக நட்டார்கள்.

மேலே வானம் பெரும்பாலும் மூடியே கிடந்தது. குனிந்த முதுகில் ஈரம் ஏறும். பேச்சு கிடையாது. பொன்னுரங்கத்துக்கு அது பிடித்திருந்தது. பேச்சில்லாத இடத்தில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

நாற்று நட்ட ஐந்தாம் நாள் காலையில் பதினேழு நாற்று கீழே சாய்ந்து கிடந்தது. மண்ணோடு ஒட்டிய இடத்தில் கத்தரித்துப் போட்டதுபோல இருந்தது.

"வெட்டுப்புழு," என்றார் அம்மா. "ராத்திரி வெட்டிட்டு, விடியறப்ப அங்கேயே மண்ணுக்குள்ள போயிடும். தண்டைச் சுத்தி விரலால கிளறிப் பாருங்க. சுருண்டு கிடக்கும். நசுக்கிடுங்க."

பொன்னுரங்கம் கிளறினார். சாம்பல் நிறத்தில் விரல் நுனி அளவு புழு சுருண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு டப்பாவில் போட்டார். அன்றைக்குக் கிடைத்த பன்னிரண்டு புழுக்களையும் டப்பாவில் சேர்த்து, ஓடையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அம்மா கேட்டார்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோட தோட்டம்?"

"சிக்கண்ணனோடதுங்க."

"என்ன போட்டிருக்கார்?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"முட்டைக்கோசுங்க."

மறுநாளிலிருந்து அந்த வேலையை அம்மாவே செய்தார். நாற்று நாற்றாகக் குந்தி உட்கார்ந்து, கிளறி, இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசுக்கினார். பொன்னுரங்கம் பின்னாலேயே தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா, இது கொலை இல்லீங்களா?"

"கொலைதான்."

விரலை மண்ணில் துடைத்துக்கொண்டு அடுத்த நாற்றுக்குப் போனார்.

"அப்புறம் எப்படீங்க தூங்கறீங்க?"

"சில நாள் தூங்கறதில்லை."

பங்குனியில் கேரட் நாலு விரல் உயரம் வந்தது. அடர்த்தியாக முளைத்திருந்தது. கலைத்துவிட்டால்தான் கிழங்கு வைக்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடியை விட்டுவிட்டு நடுவில் இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டும். அம்மா ஒரு முழம் பிடுங்கிக் காட்டிவிட்டு எழுந்தார்.

"எதைப் பிடுங்கறதுங்கம்மா?"

"எதை வேணாலும்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே."

"ஆமா."

பொன்னுரங்கம் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தார். கை செடிவரை போயிற்று. செடி மிக மெல்லியதாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். களை பிடுங்குவதுபோல் பிடுங்கிக்கொண்டு அந்தப் பாத்தியிலேயே இரண்டு நாள் கழித்தார். கேரட்டில் ஒன்றும் குறையவில்லை. அம்மா அதைப் பார்த்தார். 

மூன்றாம் நாள் முற்பகலில் ஒரு பெண் சரிவேறி வந்தாள்.

முப்பது வயதிருக்கும். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. தேயிலை பறிக்கிறவள் என்பதை விரல்கள் சொல்லின. நுனியெல்லாம் கறுத்திருந்தது.

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவள். குழந்தையின் தாய், அமராவதி. அவள் அவரைப் பார்ப்பதற்குள் எழுந்து, விதை வைக்கிற கொட்டகைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"இங்க ஒரு பஸ் டிரைவர் இருக்காராமுங்களே," என்றாள் அமராவதி அம்மாவிடம்.

"இருக்கார்."

"பாக்கணுமுங்க."

"இப்ப அவரால வர முடியலை."

அமராவதி கொட்டகையின் கதவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வந்துருக்கறேன். காத்திருக்கட்டுங்களா?"

"இரும்மா. முதல்ல சாப்பிடு."

"வேண்டாமுங்க. எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது. என்ன வேலை இருக்குது?"

அம்மா கேரட் பாத்தியைக் காட்டினார்.

கொட்டகையின் பலகைச் சந்து வழியாகப் பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அமராவதி முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். கை தயங்கவே இல்லை. ஒன்றை விட்டு, மூன்றைப் பிடுங்கி, ஒன்றை விட்டு, இரண்டைப் பிடுங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். பிடுங்கியதையெல்லாம் வரப்பில் குவித்தாள். மத்தியானத்துக்குள் பாத்தி வெளிச்சமாகிவிட்டது. ஒரே ஒருமுறை நிறுத்தினாள். கையிலிருந்த ஒரு சின்னச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் குவியலில் போட்டாள்.

சாயங்காலம் அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தார்.

"அம்மா," உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவங்க எதுக்கு வந்துருக்காங்க?"

"கேக்கலை."

"திட்டறதுக்குங்களா?"

"தெரியலை."

"அனுப்பிச்சுடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தோட்டத்துக்கு வந்தவங்களை நான் அனுப்பறதில்லை. உங்களையும் அனுப்பலை."

சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் தூறல் போட்டது. அமராவதி தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முட்டைக்கோசுக்கு எரு வைத்தாள். மத்தியானம் ஆயிற்று. அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் அவள் போயாக வேண்டும்.

அம்மா கொட்டகைக்கு வந்தார். கதவுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"அண்ணா, முழிச்சுத்தான இருக்கீங்க?"

"ஆமாங்க."

"நான் முன்னாடி நர்ஸா இருந்தேன். உங்ககிட்ட சொன்னதில்லை."

உள்ளே விதைச் சாக்கு ஒன்று நகர்ந்தது.

"ஒரு நாள் ஒரே வார்டுல ரெண்டு நோயாளிக்கு ஊசி போட வேண்டியிருந்துச்சு. மருந்தை மாத்திப் போட்டுட்டேன். ஒருத்தர் அரை மணி நேரத்துல போயிட்டார். வயசானவர், இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டர் எழுதினார். எனக்கு மட்டும் தெரியும். மருந்துச் சீட்டை எடுத்து மறைச்சுட்டேன்."

தூறல் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அவருக்கு யாரும் இல்லை. பிணத்தை வாங்கக்கூட ஆள் வரலை. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட வந்து கேக்க ஒருத்தர்கூட இல்லை. யாராவது வருவாங்கன்னு பதினாறு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். வந்தா இப்படித்தான் கதவைச் சாத்திக்குவேனோ என்னவோ. ஆனா யாரும் வரலை."

அம்மா எழுந்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"உங்களுக்கு வந்துருக்காங்க."

பூவாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

அமராவதி வரப்பில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் நாலடி தள்ளி வந்து நின்றார். கும்பிடத்தான் கையைத் தூக்கினார். பாதியில் இறக்கிவிட்டார்.

"திட்டறதுக்கு வரலீங்க," என்றாள் அமராவதி. "ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுல யாரும் என்னைக் கேக்க விடலை. என்ன செஞ்சீங்க, எங்க நின்னீங்கன்னு எங்கிட்டத்தான் கேட்டாங்களே தவிர, உங்களுக்கு என்ன தெரியணும்னு யாரும் கேக்கலை."

"கேளுங்க."

"அவளைக் கடைசியாப் பாத்தவரு நீங்கதான். அப்ப அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்ததும் பழகிய வார்த்தைகள் வந்தன. "திடீர்னு குறுக்கால…"

நின்றுவிட்டார். போலீஸிடம் சொன்னது. வக்கீலிடம் சொன்னது. கூண்டில் ஏறிச் சொன்னது. மூன்று வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதை எதிர்பார்த்துத்தான் அவள் முகமும் இருந்தது. கேட்டுக் கேட்டு இறுகிப்போன முகம்.

"ஓடலீங்க," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"மைல்கல் பக்கத்துல நின்னுட்டிருந்தா. கையில ஒரு தூக்குப்போசி இருந்துச்சு. ஒத்தக் கால்ல நின்னுட்டு, இன்னொரு பாதத்தால கெண்டைக்காலைச் சொறிஞ்சுட்டிருந்தா. நான் ஹாரன் அடிச்சேன். உடனே காலைக் கீழ வெச்சு, கல்லோட ஒட்டிக்கிட்டா. என்னைப் பாத்துச் சிரிச்சா."

"அப்புறம்?"

"எனக்கும் கண்டக்டருக்கும் காலையில இருந்து தகராறு. நான் திரும்பி அவனை ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னுகூட ஞாபகமில்லை. முன்னால பாக்கறப்ப பஸ் ரோட்டைவிட்டு மண்ணுல இறங்கியிருந்துச்சு."

தூறல் நின்றிருந்தது. ஓடையில் அம்மா பூவாளியை முக்கும் சத்தம் கேட்டது.

"மைல்கல் பக்கத்துலயா?" என்றாள் அமராவதி.

"ஆமாங்க."

"அங்கதான் நிக்கச் சொன்னேன். அசையாம நில்லு, அரிசி வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போனேன்."

"அசையலீங்க."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு கையாலும் சேற்றுத் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னுரங்கம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"குறுக்கால ஓடுனான்னு நீங்க போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்கல்ல," என்றாள் வெகுநேரம் கழித்து. "அன்னிலேர்ந்து என் வீட்டுக்காரரு எங்கிட்டப் பேசறதில்லீங்க. புள்ளைய ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டியேன்னு மாமியார் வாய்விட்டுச் சொல்லிருச்சு. அவரு அதைக்கூடச் சொல்லலை. ஒரே வீடு. ஒரே அடுப்பு. சோறு வேணும்னா தட்டை நகத்தி வெப்பாரு. மூணு வருஷம்."

"எனக்கு அது தெரியாதுங்க."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நில்லுன்னு சொன்னேனா, இல்ல சொன்னதா நானே நெனச்சுக்கிட்டேனான்னு."

எழுந்தாள். கையைக் கழுவினாள். துணிப்பையை மாட்டிக்கொண்டாள்.

"எஸ்டேட் லைன்ல மூணாவது வீடு. இப்ப எங்கிட்டச் சொன்னதை வந்து அவர்கிட்டச் சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் சரிவில் இறங்கிப் போனாள்.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் பொன்னுரங்கம் சமையல்கட்டுக்கு வந்தார். அம்மா அடுப்பின் முன்னால் இருந்தார்.

"வரச் சொல்றாங்கம்மா. அவங்க வீட்டுக்காரரு மூணு வருஷமா அவங்ககிட்டப் பேசறதில்லையாமுங்க."

"ம்."

"போனா ஊர் முழுக்கத் தெரியும். கேஸை மறுபடி எடுத்தாலும் எடுப்பாங்க. என் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்க."

அம்மா விறகைத் தள்ளிவிட்டார்.

"அந்த வீட்டுக்காரரு என்னை வெட்டினாலும் வெட்டுவாரு."

அம்மா உலையைக் கிளறினார்.

"போகமாட்டேன்னு சொல்லலீங்க. கிழங்குக்கு மண் அணைக்கணும். பட்டாணிக்குக் கொம்பு நடணும். நீங்க ஒருத்தரா எப்படிப் பாப்பீங்க? இந்த வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே."

"தோட்டத்துல வேலை முடியறதில்லைண்ணா," என்றார் அம்மா.

பொன்னுரங்கம் இரண்டு நாள் கிழங்குக்கு மண் அணைத்தார். மூன்றாம் நாள் விடிந்தபோது அவர் இல்லை. மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

சித்திரையில் ஒருநாள் பிற்பகலில் ஆலங்கட்டி மழை பெய்தது. கால் மணி நேரம்தான். முட்டைக்கோசு முழுக்கக் கிழிந்து போயிற்று. பட்டாணிக் கொடி தரையோடு படுத்துவிட்டது. மறுநாள் காலை அம்மா கிழிந்த இலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது.

அம்மா கூடையை நடுவில் நகர்த்தி வைத்தார். பொன்னுரங்கமும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

ஒரு வரிசை முடிந்தபிறகு பேசினார்.

"முதல்ல ஸ்டேஷனுக்குப் போனேனுங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுத்தேன். இன்ஸ்பெக்டர் படிச்சுப் பாத்தாரு. தீர்ப்பாகி வருஷமாச்சு, இப்ப எதுக்குய்யா இதுன்னாரு. காகிதத்தை வாங்கி மேசைக்குள்ள போட்டுட்டாரு. உள்ள வெப்பாங்கன்னு மாத்துத்துணிகூட எடுத்துட்டுப் போயிருந்தேன். வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

"போனீங்களா?"

"போனேன். சம்சாரத்துகிட்டச் சொன்னேன். அப்ப மூணு வருஷமா எங்களையும் பொய் சொல்ல வெச்சீங்களான்னு கேட்டா. அப்புறம் பையன் வீட்டுக்குப் போயிட்டா."

அம்மா கிழியாமல் தப்பிய ஒரு குருத்தை மண் ஒதுக்கி நிமிர்த்தி வைத்தார்.

"எஸ்டேட்டுக்கு?"

"அதுக்கப்புறம்தான் போனேனுங்க. சாயங்காலம், வேலை விட்டு எல்லாரும் வந்திருந்த நேரம். அவரு வாசல்படியில உக்காந்து கவாத்துக் கத்தி தீட்டிட்டிருந்தாரு. குமரேசன்னு பேரு. நான் யாருன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஆனா எந்திரிக்கலை. தீட்டறதையும் நிறுத்தலை. நான் நின்னபடியே சொன்னேன். மைல்கல், போசி, கால் சொறிஞ்சது, சிரிச்சது, எல்லாம். நான் திரும்புனதையும் சொன்னேன். அசையலை, அவங்கம்மா சொன்ன இடத்துலதான் நின்னான்னு சொன்னேன்."

"அந்தப் பொண்ணு இருந்தாளா?"

"அடுப்படி நிலையைப் பிடிச்சுட்டு நின்னாங்க. மாமியார் நடுவுலயே எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிருச்சு."

பொன்னுரங்கத்தின் கை வேலையை விட்டுவிட்டது. கிழிந்த இலை ஒன்றை வைத்துக்கொண்டு அதன் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி முடிச்சேன். கத்தி தீட்டற சத்தம் நின்னுச்சு. அவரு தலையை நிமித்தவே இல்லை. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியலை. பக்கத்து வீட்டுல விளக்குப் போட்டுட்டாங்க. வெட்டிருவாருன்னு நெனச்சேன். வெட்டட்டும்னுதான் நின்னேன். கடைசியில ஒரே வார்த்தை. இவரைப் போகச் சொல்லுன்னாரு."

"ம்."

"அவ்வளவுதாங்கம்மா. அந்தம்மா வாசல் வரைக்கும் வந்தாங்க. என் முகத்தைப் பாத்தாங்க. போயிட்டு வாங்கன்னும் சொல்லலை, நாசமாப் போன்னும் சொல்லலை. கதவைச் சாத்திக்கிட்டாங்க."

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டேஷன்ல தண்டனை இல்லை. அந்த வீட்டுல மன்னிப்பு இல்லை. என் வீட்டுல ஆள் இல்லை. நாய் மாதிரி துரத்தி விட்டுட்டாங்க. போயி என்னங்கம்மா பிரயோசனம்?"

அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"போகச் சொல்லுன்னு அவர் யார்கிட்டச் சொன்னார்?"

"அந்தம்மாகிட்டத்தான்… மூணு வருஷமாப் பேசாத…" என்று தொடங்கினார் பொன்னுரங்கம். முழுக்கச் சொல்லவில்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனபோதும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.